மகேன் போட்டுத் தந்த காவல்

குளியலறையில் ஆண்டியப்பன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை மேல் கிடந்த அவனுடைய போன் ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

குமுதா கணவனின் போனை எட்டிப் பார்க்கிறவள் இல்லை. ஆனால் நீலாவதி வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எந்தச் சத்தமும் சாதாரணச் சத்தமாக இல்லை. பார்த்தாள். மகேன் அனுப்பியிருந்தான்.

‘மச்சான், திரிங்காப்ல குளிர் ஜாஸ்தி. நீலாவுக்கு நல்ல ஸ்வெட்டரா எடுத்துக் குடுத்து அனுப்புங்க.’

திட்டு இல்லை. மிரட்டல் இல்லை. அக்கறையுள்ள புருஷன் எழுதுகிற மாதிரி இரண்டே வரி. கையில் பிடித்திருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூடக் குமுதாவுக்குத் தோன்றவில்லை.

ஆண்டியப்பனின் தங்கை நீலாவதி, போன வாரம் ஈப்போவிலிருந்து உடுத்திய துணியோடு பஸ் ஏறி, கேமரன் மலையின் இந்தத் தேயிலைத் தோட்டத்து வீட்டு வாசலில் வந்து நின்றவள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டிய கணவன் மகேன் செய்த காரியம் அது. முதல் தடவையும் அல்ல. அவன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியாயிற்று. உத்தரவு கையில் இருந்தும் நீலாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவள் அண்ணன் வீட்டில்தான் இருப்பாள் என்று யாரும் சொல்லாமலே மகேனுக்குத் தெரியும்.

அதனால்தான் நேற்று சாயங்காலம் மூவரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சாமிநாதன் வீட்டில் அவளைக் கொஞ்ச காலம் விட்டு வைப்பது. சாமிநாதன், ஆண்டியப்பனின் சிநேகிதர். நல்ல மனிதர்.

அந்தச் சாமிநாதனிடமே இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

அப்படியானால் மகேனுக்குச் சொன்னது யார்?

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த ஆண்டியப்பனிடம் குமுதா போனை நீட்டினாள். படித்தான். மறுபடி படித்தான்.

“நீங்க சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“என்னா பேசற?”

“புதன்கிழமை வீட்டுக்குப் பின்னால நின்னு போன்ல அவர்கூட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தீங்க. கோபம் ஆறட்டும், பொறுமையா இருங்க மாப்பிள்ளன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்.”

அது உண்மைதான். குடும்பம் உடையக் கூடாது என்ற நினைப்பு ஆண்டியப்பனுக்கு இன்னும் போகவில்லை. தங்கையின் கையைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பான். மகேன் போன் அடித்து அழுதால் இளகிப் போவான். ஆனால் இப்போது அவன் மனைவியைப் பார்த்த பார்வையில் இளக்கம் இல்லை.

“என் தங்கச்சிய நானே பிடிச்சுக் குடுப்பேன்னு நெனைக்கற” என்றான். கேள்வியாகக்கூட அல்ல. சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டான். தேயிலை வறட்டும் பிரிவுக்கு அவன்தான் மேற்பார்வை. சனிக்கிழமையும் வேலை உண்டு.

அவன் ஏறிப் போன மோட்டார் சத்தம் தேயிலைச் சரிவில் இறங்கித் தேய்ந்து மறைந்தது. திரும்பிப் பார்த்தால் அறைக் கதவருகே நீலாவதி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது.

“அண்ணன் சொல்லியிருந்தாலும் பரவால்ல அண்ணி” என்றாள். “என்னால நீங்க ரெண்டு பேரும் சண்ட போட வேணாம். நான் போயிடறேன்.”

எங்கே போவாய் என்று குமுதா கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள். கை வலிக்கு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் படு, நான் யோசிக்கிறேன் என்று அனுப்பி வைத்தாள்.

யோசிக்கிறேன் என்று சொன்னாளே தவிர, யோசனை ஓடவில்லை. கை எதையாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்று ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். குமுதா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. யாரோ கொண்டு வந்த பென் டிரைவிலிருந்து பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, ஒரு வருஷத்து மதிப்பெண்கள் திறக்க முடியாமல் போயிருந்தன. திங்கட்கிழமைக்குள் எல்லா ஆசிரியர்களும் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

எதைப் போடுவது? இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். ஒன்று இலவசம் என்றது, அடுத்த பக்கத்தில் கார்டு எண்ணைக் கேட்டது. இன்னொன்று, ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே அழுத்துங்கள்’ என்று சிவப்பாகத் துடித்தது. ஆபத்து என்ற சொல்லைப் பார்த்ததுமே அவள் விரல் அழுத்தப் போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு ஃபாரிஸுக்குப் போன் அடித்தாள்.

ஃபாரிஸ் ரிங்லெட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அவன் அக்கா ஷரீஃபா, குமுதாவோடு இடைநிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது ஃபாரிஸின் கடை வரிசையிலேயே சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். குமுதா போனை ஸ்பீக்கரில் போட்டு, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவன் பொறுமையாகச் சொன்னான். துடிக்கிற எதையும் அழுத்தாதீர்கள், அதுதான் முதல் பாடம். விண்டோஸுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது; அதை நிறுத்தாமல், அப்டேட்டைத் தள்ளிப் போடாமல் வைத்திருந்தால் வீட்டுக்கு அதுவே போதும். வேறு வேண்டுமென்றால் பேர் தெரிந்த கம்பெனியாகப் பார்த்து, அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். யாரோ அனுப்பிய லிங்க்கிலிருந்து இறக்கக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு காவல்காரர்களை வைத்தால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள், அதனால் பழையதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

“பழசு என்னா இருக்கு குமுதாக்கா?”

“பச்சைக் கலர்ல கேடயம் மாதிரி ஒண்ணு இருக்கு. எம் கார்டுன்னு போட்டிருக்கு, காவல்ங்கற கார்டு.”

அவன் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றான். யார் போட்டுக் கொடுத்தது என்று விசாரித்தான்.

மகேன்தான். ஈப்போவில் அவனுக்குக் கம்ப்யூட்டர் கடை. கொரோனா சமயத்தில் அவள் வீட்டிலிருந்து பாடம் நடத்த வேண்டியிருந்தபோது, இந்தக் கம்ப்யூட்டரை மலையேற்றிக் கொண்டு வந்து, மேலே கேமராவும் மாட்டி, வைரஸ் நுழையாமல் எல்லாம் போட்டுக் கொடுத்தவன் அவன். ராத்திரியில் அப்டேட் வரும், அணைக்காமலே வையுங்கள் அக்கா என்பான். ஏதாவது கோளாறு என்றால் ஈப்போவில் இருந்தபடியே சரி செய்வான். எவ்வளவு நல்ல மாப்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் அவளே சொல்லியிருக்கிறாள்.

விண்டோஸின் காவல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னான் ஃபாரிஸ். அவன் சொன்ன இடத்தை எல்லாம் அழுத்திக்கொண்டு போனாள். நிறுத்தப்பட்டிருக்கிறது என்று வந்தது. மறுபடி இயக்கப் பார்த்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியைக் கேளுங்கள் என்றது.

“நிர்வாகின்னா யாரு தம்பி? நான்தானே?”

பெயரைப் படிக்கச் சொன்னான். படித்தாள். அவள் பெயர் இல்லை. மகேன் என்று இருந்தது.

“அந்த கம்ப்யூட்டருக்கு முதலாளி நீங்க இல்லக்கா” என்றான் ஃபாரிஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கேமராவுல லைட் எரியுதா?”

“ஆமா. சின்னதா பச்சையா. எப்பவும் எரியுமே.”

“நீங்க இப்போ வீடியோவுல யார்கூடவும் பேசலையே?”

“இல்லையே.”

ஃபாரிஸ் சட்டென்று பேச்சை மாற்றினான். சரிக்கா, டவுன் பக்கம் வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சிரித்த குரலில் சொல்லி வைத்துவிட்டான். அவள் குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கையிலேயே போன் திரும்ப அடித்தது. இந்த முறை காதில் வைத்துக் கேட்டாள்.

“ஒண்ணும் பேசாதீங்க. எந்திரிச்சு வெளிய போங்க.”

எழுந்தாள். நிதானமாக எழ வேண்டும் என்று நினைத்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. கொல்லைப்புறக் கதவைத் திறந்து, முள்ளங்கிப் பாத்தியைத் தாண்டி, வேலி வரைக்கும் போனாள். மேகம் இறங்கித் தேயிலைச் செடிகளின் மேல் புகை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

ஃபாரிஸ் சொன்னது இதுதான். அந்தப் பச்சைக் கேடயம் ஆன்டிவைரஸ் இல்லை. காவல் மாதிரி வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும் உளவு. அவன் நினைப்பது சரியாக இருந்தால், மகேன் எங்கே இருந்தாலும் தன் போனிலேயே அந்த ஹாலைப் பார்க்கலாம், பேசுவதைக் கேட்கலாம், கம்ப்யூட்டரை அவள் இயக்குவது போலவே இயக்கலாம்.

நேற்றைய பேச்சு அப்படித்தான் போயிருக்கிறது. ஆண்டியப்பன் சொல்லவில்லை.

முதலில் வந்தது நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. எத்தனை வருஷமாக என்று குமுதா எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். அந்தக் கேமராவுக்கு முன்னால்தான் தலை காயவைத்தாள். அம்மா இறந்த சேதி வந்தபோது அங்கேதான் தரையில் புரண்டு அழுதாள். இந்த ஒரு வாரமாக நீலா அங்கேதான் ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அத்தனையையும் அவன் ஈப்போவில் டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறான்.

இப்போதே பிடுங்கிவிடுங்கள் அக்கா என்றான் ஃபாரிஸ். பிடுங்கினால் அவனுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். தெரிந்தால் அடுத்து என்ன செய்வான் என்பதை ஃபாரிஸால் சொல்ல முடியவில்லை. அவளால் சொல்ல முடியும். மகேன் உடனே காடியை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடுவான்.

“சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்” என்றாள். அன்று முழுவதும் அவள் எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் பின்னால் பல நாள் நினைத்து நினைத்து நொந்தாள்.

தொழிற்சாலைக்கு நடந்தே போனாள். உள்ளே இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இங்கே எந்தக் காதும் எட்டாது என்று நினைத்தபோதுதான் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டாள். ஆண்டியப்பன் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் காதருகே வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், தப்பு நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

ஆண்டியப்பன் வெடுக்கென்று திரும்பினான். பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

“எங்க போறீங்க?”

“ஒடைச்சுப் போடறேன்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விடாமல் பிடித்துக்கொண்டாள். உடைத்தால் பார்ப்பது நிற்கும், ஆள் வருவது நிற்காது என்று சொன்னாள். அவன் நம் பேச்சைக் கேட்கிறான் என்பது நமக்குத் தெரியும்; நமக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் திரிங்காப்பையே காட்டுவோம். அங்கே போலீஸ் நிற்கட்டும். உத்தரவை மீறி அவன் வந்தால் அங்கேயே மாட்டுவான். நீலாவை எதிர்த் திசையில், ரிங்லெட்டுக்கு, ஷரீஃபா வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோம்.

ஈப்போவிலிருந்து மலைக்கு ஏற இரண்டு பாதைகள். ஒன்று சிம்பாங் பூலாய் வழியாக நேரே மேல் பக்கம் வரும். திரிங்காப் அந்தப் பக்கம். மற்றது தாப்பா வழியாகச் சுற்றி வந்து கீழே ரிங்லெட்டில் ஏறும். திரிங்காப்புக்கு வருகிறவன் ரிங்லெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். நடுவில் கியா பார்ம் சந்தை. சனிக்கிழமைகளில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிற காடிகளால் அங்கே ரோடே அடைத்துக்கொண்டு கிடக்கும்.

ஆண்டியப்பன் கம்பியைக் கீழே போட்டான். “அவன்கிட்டப் போய்ப் பொறுமையா இருங்கன்னு சொன்னேனே” என்றான். அவ்வளவுதான் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

முதலில் பாலாய்க்குப் போனார்கள். அந்தப் போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் சார்ஜன் கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு, வளவளவென்று கேள்வி கேட்காமல் திரிங்காப்புக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். கம்ப்யூட்டரை அப்படியே கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது என்றும் சொன்னார். அங்கிருந்தே ஷரீஃபாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு, சாமிநாதனுக்குப் போன் அடித்தார்கள். அவரோ, ‘வரட்டும்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வந்து நீலாவைக் கொல்லைக்கு அழைத்து, மெதுவாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

“என்னால முடியாது அண்ணி. அவரு கண்ணப் பாத்தா எனக்குப் பேச்சு வராது.”

கண்ணைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார் என்றாள் குமுதா.

மூவரும் ஹாலுக்கு வந்தார்கள். கேமரா தன் இடத்தில் இருந்தது. அதன் சின்ன வெளிச்சம், பார்க்காதே பார்க்காதே என்று நினைக்க நினைக்கக் கண்ணை இழுத்தது. ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, செருமிக்கொண்டு, பள்ளி நாடகத்தில் வசனம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தான். சாமிநாதன் சாயங்காலம் லாரி அனுப்புகிறாராம், ஆறு மணிக்குள் நீலா அங்கே போய்விடலாம் என்றான். நல்லது, துணிமணி எடுத்து வைக்கிறேன் என்றாள் குமுதா. அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. இவ்வளவு மோசமாக நடித்தால் யார் நம்புவார்கள்?

நீலாவதி தலை குனிந்தபடி நின்றாள். ஒன்றும் பேச மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் வாய் திறந்தாள்.

“அண்ணே, சாமிநாதன் அண்ணன் வீட்டுல பின்பக்கமா வெளிய போக வழி இருக்கா?”

அது யாரும் சொல்லிக் கொடுத்த வசனம் இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் தேடுகிற விஷயம். ஆண்டியப்பன் தலையை மட்டும் ஆட்டினான். நாடகம் அந்த ஒரு கேள்வியில்தான் உண்மையாயிற்று.

ஆண்டியப்பன் மோட்டாரில் திரிங்காப்புக்குப் போனான். குமுதா நாத்தனாரைக் காடியின் பின்னிருக்கையில் படுக்க வைத்து, மேலே போர்வையைப் போட்டு, ரிங்லெட்டுக்கு இறக்கினாள். ஷரீஃபாவின் கடைக்கு மேலே ஒரு பலகை அறை இருந்தது. பாய் விரித்து, சோறு எடுத்து வைத்திருந்தாள் ஷரீஃபா. இனி இவள் என் வீட்டுப் பெண் லா, நீ போ என்றாள்.

கம்ப்யூட்டரை எடுத்து வரக் குமுதா தனியாகத் திரும்பினாள். வளைவுகளில் மேகம் அடைத்திருந்தது; போனில் லைன் வருவதும் போவதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்து வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்கிற நேரம். கதவைத் திறந்து ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

போகும்போது இருண்டிருந்த திரை இப்போது வெளிச்சமாக இருந்தது.

வாட்சாப் திறந்திருந்தது. பள்ளி ஆசிரியர்கள் குழுவுக்காக அவள் கம்ப்யூட்டரிலும் அதைத் திறந்து வைத்திருப்பது வழக்கம். போனுக்கு வருவதெல்லாம் இங்கேயும் வரும். இன்று முழுவதும் அது அவள் நினைவுக்கே வரவில்லை. திரையில் இருந்தது ஆசிரியர்கள் குழு அல்ல. ஷரீஃபாவின் சேதி.

‘குமுதா, நீலா சோறு சாப்பிட்டுட்டா. மாடில படுத்திருக்கா. நீ பாத்து காடி ஓட்டு.’

அவள் அதைத் திறக்கவில்லை. அவள் வளைவுகளில் வந்துகொண்டிருந்தபோது வந்த சேதி அது.

அப்போது அம்பு நகர்ந்தது. மௌஸ் மேசை மேல் அசையாமல் கிடந்தது. திரையில் அம்பு மட்டும், சொந்த வீட்டில் நடக்கிற ஆள் மாதிரி, அவசரமில்லாமல் மேலே போயிற்று. ஷரீஃபாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் நின்றது. அழுத்தியது. படம் விரிந்தது. கடை வாசலில் ஷரீஃபா சிரித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே கடையின் பெயர்ப் பலகை, கீழே ரிங்லெட் என்று ஊர்ப் பெயர்.

குமுதா சுவரில் இருந்த வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளக் தெறித்து வந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல் நின்றது.

ஷரீஃபாவுக்கு அடித்தாள். லைன் எங்கேஜ். மறுபடி எங்கேஜ். ஆண்டியப்பனுக்கு அடித்தாள். திரிங்காப்பில் எல்லாரும் காத்திருக்கிறார்கள், எந்தக் காடியும் வரவில்லை என்றான். அவள் சொல்லத் தொடங்கியதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. போலீஸிடம் கத்திச் சொல்வது கேட்டது. மோட்டாரை உதைக்கிற சத்தம் கேட்டது. அவனுக்கும் ரிங்லெட்டுக்கும் நடுவில் கியா பார்ம் இருக்கிறது. காலையில் ஸ்பீக்கரில் ஃபாரிஸ் பேசியதையும் மகேன் கேட்டிருப்பான், சந்தேகப்பட்டுத் தாப்பா பாதையில் ஏறியிருப்பான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்ப ஷரீஃபாவுக்கு அடித்தாள். இந்தத் தடவை எடுத்தார்கள். பேசியது நீலாவதி.

“அண்ணி, லைன் கிடைச்சிருக்காது. நான்தான் போலீசுக்கு அடிச்சிட்டு இருந்தேன். ஷரீஃபாக்கா போன என்கிட்டயே குடுத்துட்டாங்க.”

“நீலா, அவரு…”

“தெரியும். ஜன்னல்ல பாத்தேன். ரோட்டுல நின்னு போனப் பாத்தாரு, அப்புறம் கடை போர்டப் பாத்தாரு. இப்போ கீழ உக்காந்து டீ கேட்டிருக்காரு. மேல அரிசி மூட்டைதான் இருக்குன்னு அக்கா சொல்லிட்டு இருக்காங்க.”

குரல் நடுங்கியது. ஆனால் நிற்காமல் வந்தது. போலீஸ் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள் குமுதா. வருகிறார்கள் என்றாள். ஃபாரிஸ் எங்கே என்று கேட்டாள். கடையிலிருந்து ஓடி வந்து படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறான் என்றாள். கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்டாள். பூட்டி, அதற்கு முன்னால் மேசையையும் ஒரு கையாலேயே இழுத்துப் போட்டிருக்கிறாளாம்.

கீழே ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் போனில் கேட்டது. ஃபாரிஸ் யாரையோ தடுத்துச் சத்தம் போட்டான். கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. அதன் பிறகு பலகைப் படியில் காலடி.

“நீலா. நீலா, இருக்கியா?”

“இருக்கேன் அண்ணி. லைன மட்டும் வெட்டாதீங்க.” அவள் போனை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பேசினாள். “ஈப்போவுல ஒவ்வொரு தடவையும் வெளிய நின்னு அழுவாரு. ஒவ்வொரு தடவையும் நானேதான் கதவத் திறந்து விட்டேன். இந்தத் தடவ திறக்க மாட்டேன்.”

காலடி கதவுக்கு வெளியே வந்து நின்றது. மகேனின் குரல், மிகவும் மெதுவாக, அன்பாக, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.